மஞ்சள் நம் பெருமைதான், மறதிநோய்க்கு மருந்தா?

என் பாட்டிக்கு வயது 78. தேக்கா சந்தைக்குப் போக யாரையும் துணைக்கு அழைக்காதவர். எந்தக் கடையில் மீன் புதிதாக இருக்கும், எந்தக் கடைக்காரர் கறிவேப்பிலையைச் சும்மா தருவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஒருநாள், அதே சந்தையிலிருந்து வீடு திரும்ப எந்தப் பேருந்தில் ஏறுவது என்று தெரியாமல் நிறுத்தத்திலேயே ஒரு மணி நேரத்திற்கும் மேலாக உட்கார்ந்திருந்தார். பல ஆண்டுகளாக அவர் ஏறி இறங்கும் பேருந்து அது.

வீட்டில் யாரும் பதறவில்லை. “வயசானா மறதி வரத்தானே செய்யும்,” என்றார் அம்மா. அந்த வாரமே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி வந்து சேர்ந்தது. மூளை வீக்கத்தை மஞ்சள் தடுக்கும், மறதிநோயை அண்டவிடாது, இதை வெளிநாட்டு விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்பது அதன் சாரம். அன்றிரவே பாட்டிக்கு மஞ்சள் பால் தொடங்கியது. சில மாதங்கள் கழித்துப் பெரிய மாமா ஒரு புட்டி மாத்திரை வாங்கி வந்தார். மஞ்சள் சாறும் மிளகுச் சாறும் சேர்ந்தது. மாதத்திற்கு 45 வெள்ளி. “இயற்கை மருந்துதானேம்மா, என்ன ஆகிடப் போகுது?” என்றார்.

நான் உயிரியல் படிக்கும் இரண்டாம் ஆண்டுப் பல்கலைக்கழக மாணவி. அந்தச் செய்தியில் எது சரி, எது மிகை என்பது ஓரளவு எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மாமாவிடம் எதிர்த்துப் பேசத் தயங்கியது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. நான் படித்ததையெல்லாம் ஆங்கிலத்தில் படித்திருந்தேன். அதைப் பாட்டிக்கும் மாமாவுக்கும் புரியும்படி தமிழில் சொல்ல என்னிடம் சொற்கள் இல்லை.

அன்று சொல்லாமல் விட்டதை இன்று சொல்லிப் பார்க்கிறேன். மஞ்சளைக் குறைகூறுவது என் நோக்கமல்ல. சமையலறையில் அதற்குரிய இடம் வேறு, மருத்துவத்தில் நாம் அதற்குக் கொடுக்கும் இடம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போது நம் வீட்டு முதியவர்கள் இழப்பது திரும்பக் கிடைக்காத காலத்தை. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் பொறுப்பு இருமொழி கற்ற மாணவர்களான நமக்கு உண்டு என்பதே என் கருத்து.

வீக்கமா, அழற்சியா?

அந்த வாட்ஸ்அப் செய்தியின் முதல் தவறு ஒரு சொல்லில் இருந்தது. அதைப் படித்த பாட்டி, தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “எனக்கு மூளை வீங்கியிருக்கா?” என்று கேட்டார். ஆங்கிலத்தில் இருந்த ஒரு மருத்துவச் சொல்லை யாரோ ‘வீக்கம்’ என்று மொழிபெயர்த்திருந்தார்கள். அதற்குச் சரியான தமிழ்ச்சொல் ‘அழற்சி’.

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வலிக்கிறது, வீங்குகிறது. கிருமிகளோடு போராடவும் சேதத்தைச் சரிசெய்யவும் உடல் எடுக்கும் நடவடிக்கைதான் அழற்சி. வீக்கம் அதன் அடையாளங்களில் ஒன்று, அவ்வளவுதான். அழற்சியே இல்லாவிட்டால் சின்னக் காயம்கூட ஆறாது. வேலை முடிந்த பிறகும் அது அடங்காமல் தொடரும்போதுதான் தொல்லை.

மூளையிலும் இது நடக்கிறது. அங்கே காவல் காக்கும் உயிரணுக்களுக்கு மைக்ரோகிளியா என்று பெயர். ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் பியோ டெல் ரியோ ஓர்டேகா 1919ஆம் ஆண்டில் இவற்றைத் தனி வகை உயிரணுக்களாக அடையாளம் காட்டினார். மூளையில் சேரும் கழிவுகளை அகற்றுவது இவற்றின் வேலை. மறதிநோய்களில் மிகப் பரவலானது அல்சைமர் நோய். அந்நோய் உள்ளவர்களின் மூளையில் அமிலாய்ட் என்ற புரதம் படிவுகளாகச் சேர்கிறது. அவற்றைச் சுற்றி மைக்ரோகிளியா அணுக்கள் திரண்டு நிற்கின்றன. ஓயாமல் தூண்டப்பட்டுக்கொண்டே இருப்பதால், அவை வெளியிடும் வேதிப்பொருள்கள் நல்ல நரம்பணுக்களுக்கும் கேடு செய்கின்றன. மைக்ரோகிளியாவின் செயல்பாட்டில் பங்கு வகிக்கும் டிரெம்2 என்ற மரபணுவில் குறிப்பிட்ட ஒரு மாற்றம் இருந்தால், அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் காட்டின.

ஆகவே, அழற்சிக்கும் மறதிநோய்க்கும் தொடர்பு உண்டு என்ற கருத்து கட்டுக்கதையல்ல. ஆனால், தொடர்பு இருக்கிறது என்பதால் அழற்சியைக் குறைத்தால் நோயைத் தடுத்துவிடலாம் என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு இதைத்தான் சோதித்தது. குடும்பத்தில் அல்சைமர் நோய் இருந்த, 70 வயதைத் தாண்டிய 2,528 பேர் அதில் பங்கேற்றனர். மஞ்சளைவிடப் பன்மடங்கு வலுவான இரண்டு அழற்சித் தடுப்பு மருந்துகளில் ஒன்றையோ வெற்று மாத்திரையையோ அவர்கள் உட்கொண்டார்கள். பாதுகாப்பு குறித்த கவலையால் 2004ஆம் ஆண்டில் மருந்து நிறுத்தப்பட்டது. அந்த மருந்துகள் மறதிநோயைத் தடுக்கவில்லை.

தட்டிலிருந்து மூளை வரை

மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள் குர்குமின். 1815ஆம் ஆண்டிலேயே அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். 1910ஆம் ஆண்டில் அதன் வேதி அமைப்பும் கண்டறியப்பட்டது. 2001ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில், அல்சைமர் நோய்க்கு ஒப்பான நிலை உண்டாகுமாறு வளர்க்கப்பட்ட எலிகளுக்கு உணவில் குர்குமின் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அழற்சியும் அமிலாய்ட் படிவும் குறைந்தன. உலகமே திரும்பிப் பார்த்தது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 2006ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 முதல் 93 வயது வரையிலான 1,010 முதியவர்களிடம் அவர்கள் எவ்வளவு அடிக்கடி கறி சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார்கள். பிறகு நினைவாற்றலையும் சிந்தனைத் திறனையும் அளக்கும் தேர்வு ஒன்றை வைத்தார்கள். கறியை எப்போதாவது ஒருமுறையோ அடிக்கடியோ சாப்பிடுபவர்கள், அறவே சாப்பிடாதவர்களைவிடவும் அரிதாகச் சாப்பிடுபவர்களைவிடவும் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள்.

இதைப் படித்தபோது எனக்கும் பெருமையாக இருந்தது. நம் வீட்டுக் குழம்பு ஆய்விதழில் இடம்பெற்றுவிட்டதே! ஆனால், ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு அது. கறி சாப்பிட்டதால் மூளை நன்றாக இருந்ததா, நன்றாக இருப்பவர்கள் வெளியே போய்க் கறி சாப்பிட்டார்களா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இது தொடக்கநிலைச் சான்றுதான், மருத்துவச் சோதனைகளில் உறுதிசெய்யப்பட வேண்டும் என்று ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் வரும்போது அந்தக் கடைசி வரி மட்டும் காணாமல் போய்விடுகிறது.

மருத்துவச் சோதனைகள் நடக்காமல் இல்லை. ஹாங்காங்கில் 34 பேரை வைத்து ஆறு மாதங்களுக்கு நடந்த சோதனையின் முடிவு 2008ஆம் ஆண்டிலும், அமெரிக்காவில் 36 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2012ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இரண்டிலும் பங்கேற்றவர்கள் அல்சைமர் நோயாளிகள். இரண்டிலும் குர்குமினால் பலன் தெரியவில்லை. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வில் மறதிநோய் இல்லாத 40 பேர் பங்கேற்றனர். உடல் எளிதில் ஈர்த்துக்கொள்ளுமாறு தயாரித்த குர்குமினை ஒன்றரை ஆண்டு உட்கொண்டவர்களுக்கு நினைவாற்றல் கூடியது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் 40 பேர் என்பது நம் பள்ளியில் ஒரு வகுப்பு. ஒரு வகுப்பின் மதிப்பெண்ணை வைத்து நாட்டின் கல்வித் தரத்தை நாம் தீர்மானிப்போமா?

எலிக்கு வேலை செய்தது மனிதருக்கு ஏன் செய்யவில்லை? நான் புரிந்துகொண்ட மூன்று காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, அளவு. மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். ஐந்து பேருக்கு வைக்கும் சாம்பாரில் ஒரு தேக்கரண்டி, அதாவது 3 கிராம் மஞ்சள் போட்டால், ஆளுக்குக் கிடைப்பது சுமார் 20 மில்லிகிராம் குர்குமின். 2012ஆம் ஆண்டு ஆய்வில் கொடுக்கப்பட்ட குறைந்தபட்ச அளவு நாளொன்றுக்கு 2 கிராம். அந்த அளவை எட்ட ஒருவர் தினமும் 20 தேக்கரண்டிக்கும் மேல் மஞ்சள் தூள் சாப்பிட வேண்டும்.

இரண்டாவது, உடல் அதை ஏற்பதில்லை. குர்குமின் தண்ணீரில் கரையாது. குடலில் கொஞ்சம் ஈர்க்கப்பட்டாலும், கல்லீரல் உடனே அதை மாற்றி வெளியேற்றிவிடும். அதையும் தாண்டி மூளைக்குள் போக இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பைக் கடக்க வேண்டும். குர்குமின் நிலையற்ற பொருளும்கூட. நம் உடலின் காரத்தன்மையும் வெப்பமும் கொண்ட கரைசலில் அரை மணி நேரத்தில் அதன் பெரும்பகுதி சிதைந்துபோகிறது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவப்பாகிறதே, அதுவும் காரம் பட்டதும் குர்குமின் மாறுவதால்தான்.

மூன்றாவது, குர்குமின் சோதனைக் குழாயில் நம்மை ஏமாற்றும். அது பல புரதங்களில் சும்மா ஒட்டிக்கொள்ளும். ஒளிபட்டால் தானே ஒளிரும். ஒளியை வைத்து அளக்கும் சோதனையில், மருந்து வேலை செய்வதுபோல் ஒரு தோற்றம் வந்துவிடும். 2017ஆம் ஆண்டில் மருந்து வேதியியல் இதழ் ஒன்றில் வெளியான விரிவான மறுஆய்வு, குர்குமினை வைத்து 120க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்திருந்தும் முறையான கட்டுப்பாட்டுடன் நடந்த ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்று கூறியது.

வல்லாரையின் கதையும் ஏறக்குறைய இதுதான். நாம் துவையலாக அரைக்கும் வல்லாரையை மலாய் அண்டைவீட்டார் ‘பெகாகா’ என்று பச்சையாகவே உண்கிறார்கள். அதில் உள்ள ஏசியாட்டிகோசைட் போன்ற பொருள்கள் எலிகளில் நல்ல பலன் காட்டின. மனிதர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது சிந்தனைத் திறனில் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை. சீனர்களின் கிங்கோ இலைக்கும் பெரிய சோதனை நடந்தது. 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேர் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 2008ஆம் ஆண்டில் வந்தது. கிங்கோ மறதிநோயைத் தடுக்கவில்லை.

இயற்கை என்றால் தீங்கே இல்லையா?

“பலன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கெடுதல் இல்லையே” என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் பதில். என் மாமாவும் அதைத்தான் சொன்னார்.

பாட்டிக்கு இதயத் துடிப்புச் சீராக இல்லாததால், பல ஆண்டுகளாக வார்ஃபரின் என்ற மருந்தை எடுத்துவருகிறார். இரத்தம் உறைந்து பக்கவாதம் வந்துவிடாமல் தடுக்கும் மருந்து. அளவு கொஞ்சம் கூடினாலும் இரத்தக்கசிவு ஏற்படும் என்பதால் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்து அளவைச் சரிபார்ப்பார்கள். சென்ற செப்டம்பரில் அந்த அளவீடு வழக்கத்தைவிட நிறைய ஏறியிருந்தது. கையில் அங்கங்கே நீலத் திட்டுகளும் இருந்தன. மருந்தாளர் ஆங்கிலத்தில், வேறு மருந்து ஏதும் எடுக்கிறாரா என்று கேட்டார். அம்மா அதைத் தமிழில் பாட்டியிடம் கேட்டார். “வேற மருந்து ஒண்ணும் இல்லையே,” என்றார் பாட்டி. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு மஞ்சள் மருந்தல்ல, மஞ்சள்தான்.

அன்று நானும் உடன் சென்றிருந்தேன். அப்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது. மாத்திரைப் புட்டியின் படம் என் கைப்பேசியில் இருந்தது. அதைக் காட்டினேன். மருந்தாளர் உடனே மருத்துவரை அழைத்தார். மாத்திரை நிறுத்தப்பட்டது. அடுத்தடுத்த பரிசோதனைகளில் அளவீடு பழைய நிலைக்கு இறங்கியது. மாத்திரைதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்று மருத்துவர் நேர்மையாகவே சொன்னார். ஆனால், இப்படி நடக்கக்கூடும் என்பது புதிய செய்தி அல்ல. வார்ஃபரின் எடுத்துவந்த ஒருவர், மஞ்சள் கலந்த பொருளைச் சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களில் இதே அளவீடு ஆபத்தான நிலைக்கு எகிறியதாக நியூசிலாந்தின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பு 2018ஆம் ஆண்டில் எச்சரித்திருந்தது.

மிளகு சேர்ப்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. 1998ஆம் ஆண்டில் பெங்களூரு ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினோடு மிளகில் உள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தால் இரத்தத்தில் சேரும் குர்குமின் 2,000 விழுக்காடு கூடுகிறது என்று கண்டார்கள். மாத்திரைப் புட்டிகள் பெருமையாகப் போட்டுக்கொள்ளும் எண் இதுதான். ஆனால், பைப்பரின் இதைச் செய்வது, வேண்டாத பொருள்களை வெளியேற்றும் உடலின் வேலையைத் தடுத்துத்தான். குர்குமினுக்காகத் தடுத்தால், பாட்டி சாப்பிடும் மற்ற மருந்துகளும் உடலில் கூடுதலாகத் தங்கக்கூடும்.

கல்லீரலுக்கும் ஆபத்து உண்டு. மஞ்சள் அல்லது குர்குமின் கொண்ட மருந்துகளாலும் மூலிகைப் பொருள்களாலும் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு வரலாம் என்று ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023ஆம் ஆண்டில் எச்சரித்தது. அதுவரை 18 புகார்கள் அதற்கு வந்திருந்தன. உணவில் வழக்கமாகச் சேர்க்கும் மஞ்சளுக்கு அந்த எச்சரிக்கை பொருந்தாது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சிங்கப்பூரில் ஊட்டச்சத்து மாத்திரைகளை விற்பதற்கு முன்பு சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் பெறத் தேவையில்லை. தரத்திற்கும் பாதுகாப்பிற்கும் விற்பவரே பொறுப்பு. நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய அவற்றுக்கு அனுமதியும் இல்லை. கடையில் கிடைக்கிறது என்பதாலேயே அது பலன் தரும் என்று யாரோ சோதித்து முத்திரை குத்தியதாக நினைக்கக் கூடாது.

பாரம்பரியத்தை மதிப்பது எப்படி?

இப்படிப் பேசினால், “நான்கு ஆங்கிலப் புத்தகம் படித்துவிட்டு நம் முன்னோரைக் குறை சொல்கிறாயா?” என்ற கேள்வி வரும். அது நியாயமான கோபம்தான். நம் அறிவைப் பிறர் தமதென்று சொல்லிக்கொண்ட வரலாறு இருக்கிறது. 1995ஆம் ஆண்டில், புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. நம் பாட்டிமார் காலங்காலமாகச் செய்துவருவதற்கு அவர்கள் காப்புரிமை! இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்து வழக்காடி, 1997ஆம் ஆண்டில் அதை ரத்து செய்ய வைத்தது.

ஆனால், அந்த வழக்கு எப்படி வெல்லப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். ‘எங்களுக்குத் தெரியும், நம்புங்கள்’ என்று சொல்லி அல்ல. பழைய நூல்களையும் அச்சில் வந்த ஆய்வுக் கட்டுரையையும் ஆதாரமாக முன்வைத்து வென்றார்கள். பாரம்பரியத்திற்குக் கைகொடுத்தது ஆதாரம்தான்.

செடியிலிருந்து மறதிநோய்க்கு மருந்து வரவே முடியாது என்பதும் சரியல்ல. ஸ்நோட்ராப் என்ற வெள்ளைப் பூச்செடியில் உள்ள கேலன்டமின் என்ற பொருள், பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகு 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அல்சைமர் நோய்க்கான மருந்தாக ஒப்புதல் பெற்றது. நோயை அது குணப்படுத்தாது, அறிகுறிகளை ஓரளவு தணிக்கும். பழைய சீன மருத்துவ நூலில் இருந்த குறிப்பைப் பின்பற்றி மலேரியா மருந்தைக் கண்டுபிடித்த து யோயோ 2015ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். அவர் அந்தக் குறிப்பை அப்படியே நம்பிவிடவில்லை, மறுக்கவும் இல்லை. சோதித்தார். எந்தப் பொருள், எவ்வளவு, எப்படிப் பிரித்தெடுப்பது என்று கண்டறிந்தார்.

முன்னோர் மஞ்சளை மதித்தார்கள் என்றால், நாம் அதைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு மதிக்க வேண்டும். சோதிக்காமல் புட்டியில் அடைத்து 45 வெள்ளிக்கு விற்பவர்கள் மதிப்பது மஞ்சளை அல்ல, நம் நம்பிக்கையின் விலையை.

நாம் செய்யக்கூடியது

செப்டம்பரில் அந்த மாத்திரை விவகாரம் வெளிவந்த பிறகுதான் பாட்டியின் மறதியைப் பற்றி மருத்துவரிடம் முதன்முதலாகப் பேசினோம். பேருந்து நிறுத்தத்தில் அவர் திகைத்து உட்கார்ந்த நாளிலிருந்து ஏழு மாதங்கள் ஓடியிருந்தன. அந்த ஏழு மாதமும் நாங்கள் ஏதோ செய்துகொண்டிருப்பதாகவே நினைத்தோம். தினமும் மஞ்சள் கொடுக்கிறோமே! மஞ்சள் செய்த பெரிய கெடுதல் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதியைக் கொடுத்துவிட்டது.

நவம்பர் தொடக்கத்தில் நினைவாற்றல் சோதனை. நான் மொழிபெயர்த்தேன். இது என்ன மாதம் என்று கேட்டார்கள். “ஐப்பசி,” என்றார் பாட்டி. தாதி என்னைப் பார்த்தார். அது சரியான விடை என்று நான் விளக்கினேன். நான் இல்லாவிட்டால் அந்த விடை தவறாகியிருக்கலாம். ஆனால், நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன மூன்று சொற்களில் அவரால் ஒன்றைத்தான் திருப்பிச் சொல்ல முடிந்தது. அதற்கு விளக்கம் சொல்ல என்னால் முடியவில்லை. தொடக்கநிலை மறதிநோய் என்று உறுதியானது. இரத்தத்தில் பி12 உயிர்ச்சத்து குறைவாக இருந்ததும், ஒரு காது சரியாகக் கேட்காததும் அப்போதுதான் தெரிந்தன. இரண்டுக்கும் இப்போது சிகிச்சை நடக்கிறது. ஏழு மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கக்கூடிய சிகிச்சை.

சிங்கப்பூரில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருப்பதாக 2023ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு கூறியது. ஏறத்தாழ 11 பேரில் ஒருவர். அவர்களில் சுமார் பாதிப் பேருக்கு நோய் கண்டறியப்படவே இல்லை. உங்கள் வகுப்பில் உள்ள எல்லாருடைய தாத்தா பாட்டிகளையும் எண்ணிப் பாருங்கள். இது யாரோ ஒருவருடைய கதை அல்ல.

மறதிநோயைத் தள்ளிப்போட வழியே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2024ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, புகைபிடித்தல், உடற்பயிற்சி இல்லாமை, காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை ஆகியவை அவற்றில் சில. அவை எல்லாவற்றையும் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காட்டு மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் மதிப்பீடு. இந்நாட்டில் இந்தியர்களிடையே நீரிழிவு சீனர்களைவிட அதிகம் என்பதை நாம் அறிவோம். மஞ்சள் மாத்திரைக்குச் செலவிடும் அக்கறையைச் சர்க்கரை அளவைச் சரிபார்ப்பதில் காட்டினால் மூளைக்கு அதனால் கூடுதல் நன்மை.

நம்மைப் போன்ற மாணவர்கள் என்ன செய்யலாம்? மூன்று வேலைகளைச் சொல்கிறேன். மூன்றுக்கும் பட்டம் தேவையில்லை.

ஒன்று, தாத்தா பாட்டியை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் நாளில், முடிந்தால் நீங்களும் போங்கள். போவதற்கு முன் வீட்டில் அவர்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை, தூள், கஷாயம், எண்ணெய் ஆகியவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். “வேற மருந்து சாப்பிடுறீங்களா?” என்று கேட்காமல், “வேற என்னென்ன சாப்பிடுறீங்க?” என்று கேளுங்கள். ஒரு சொல் மாறினால் விடையும் மாறும்.

இரண்டு, பழக்கமான வழி மறப்பது, அடுப்பை அணைக்க மறப்பது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது போன்றவற்றைக் கவனித்தால் ‘வயதானால் அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவைகூட மறதியை உண்டாக்கும். அவற்றைச் சரிசெய்ய முடியும். பரிசோதித்தால்தான் எது என்று தெரியும்.

மூன்று, தமிழில் எழுதுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தவறான செய்தி தமிழில் வருகிறது. அதன் மறுப்போ ஆங்கிலத்தில், நம் கைப்பேசியில், நம்மோடு நின்றுவிடுகிறது. தாய்மொழிப் பாடத்தில் நாம் படித்த தமிழைத் தேர்வோடு முடித்துவிடாமல், வீட்டில் உள்ளவர்களுக்கு உடல்நலச் செய்தி ஒன்றைச் சரியாகச் சொல்லப் பயன்படுத்துவோம். கேலி வேண்டாம். ‘இது பொய்’ என்று முகத்தில் அடித்தாற்போல் எழுதினால் மாமாக்கள் குழுவை விட்டு வெளியேறுவார்கள், நம்பிக்கையை விட்டு வெளியேற மாட்டார்கள்.

நான் பெரிய மாமாவுக்கு அப்படி ஒரு நீண்ட செய்தியைத் தமிழில் எழுதி அனுப்பினேன். ‘அழற்சி’ என்ற சொல்லை அகராதியில் தேடிச் சரிபார்த்து எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்து, “அந்தக் காது டாக்டர்கிட்ட பாட்டிய எப்ப கூட்டிட்டுப் போகணும்? இந்தத் தடவை நான் வரேன்,” என்றார். மாத்திரையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பாட்டி இப்போதும் ரசம் வைக்கிறார். அடுப்புப் பக்கத்தில் அம்மாவோ நானோ நிற்கிறோம். சில நாள் மஞ்சளை இரண்டு முறை போட்டுவிடுவார், சில நாள் போடவே மறந்துவிடுவார். மறந்த நாளில் நான் ஒரு சிட்டிகை எடுத்துப் போடுகிறேன். ரசத்திற்கு அது வேண்டும்.